மூட்டை சுமக்க வந்த மோட்டார் சைக்கிள்

அமெரிக்க தேசத்தின் மேற்குப் பிரதேசத்தில், ராக்கி மலைத்தொடரை ஒட்டியுள்ள ஐடஹோ, யூட்டா முதலிய ராஜ்யங்களில், மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு வேட்டையைக் காட்டிலும், வீழ்த்திய மிருகத்தைப் பாறையும் சரிவுமான காட்டினூடே சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும் பிரயாசையாக இருந்துவந்தது. கோவேறு கழுதை உள்ளவர்கள் பாக்கியசாலிகள். அது இல்லாதவர்களின் சிரமத்தை உணர்ந்த ரால்ஃப் பான்ஹாம் என்பவர், 1958-இல் யூட்டாவின் புரோவோ நகரில், இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஒரு சிறிய என்ஜினைப் பொருத்தி, 'டோட் கோட்' என்னும் குட்டை வண்டியைச் செய்தார். வேகத்தை அது நாடவில்லை. சுமையோடு நிதானமாக மலையேறுவதே அதன் தர்மம்.

அதே ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா கம்பெனியார் 'சூப்பர் கப்' என்னும் 50 சி.சி. வண்டியை வெளியிட்டனர். ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி மறு கையால் வண்டியோட்டும் 'ஸோபா' என்னும் நூடுல்ஸ் கடைப் பையனுக்கும் அது உதவவேண்டும் என்று, கம்பெனியை ஸ்தாபகர் ஹோண்டாவுடன் சேர்ந்து நடத்திய டக்கேயோ ஃபுஜிசாவா வற்புறுத்தினார். ஆகையால் கைப்பிடிக் கிளட்ச் அறவே நீக்கப்பட்டது. காலால் கியரை மிதித்தால் போதும் என்றாயிற்று. டோக்கியோ வீதியை நினைத்துச் செய்த இந்த ஏற்பாடு, கற்களுக்கிடையே இரு கைகளாலும் ஹாண்டில்பாரை இறுகப் பற்றவேண்டிய மலைப் பிரயாணிக்கும் வரப்பிரசாதமாக அமைந்தது விந்தையே.

1959-இல் ஹோண்டா லாஸ் ஏஞ்சலீஸில் கிளை திறந்தபின், ஐடஹோவின் போய்சி நகர வியாபாரி ஒருவர், சூப்பர் கப்பின் கால்மறைப்பைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரத்தையும் கரடுமுரடான டயரையும் மாட்டி விற்றார். அவர் ஊரளவுக்கு மீறி வண்டிகளை வரவழைப்பதைக் கண்டு வியந்த கம்பெனியார் காரணத்தை விசாரித்து அறிந்து, 1961-இல் தாமே 'டிரெயில் 50' என்ற வண்டியைக் கொண்டுவந்தனர். இந்தச் சரித்திரத்தில் பிரதான புகழ் அந்த வியாபாரிக்கே உரியது என்பது என் அபிப்பிராயம். வேட்டைக்காரர்களின் தேவையை அருகிருந்து கண்டவர் அவரன்றோ?

ஆரம்ப வண்டிகளில் பின்சக்கரத்தோடு சிறிதும் பெரிதுமாக இரண்டு பற்சக்கரங்கள் இருந்தன. மலையடிவாரத்தில் இறங்கி, சங்கிலியைக் கழற்றி, கூடுதல் துண்டைச் சேர்த்துப் பெரிய சக்கரத்தின்மேல் மாட்டவேண்டும். என்ஜின் 90 சி.சி. ஆக வளர்ந்த பிறகு, 1969-இல் அந்தத் தொல்லையும் ஒழிந்தது: என்ஜினுக்கடியில் ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பினால், துணைக் கியர்ப்பெட்டி சக்கரத்தின் வேகத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, இழுக்கும் சக்தியை அந்த அளவுக்குப் பெருக்கிவிடும். பெரிய கேரியரும், நீரோடைகளைக் கடப்பதற்காக உயர்த்திய புகைக்குழாயும் சேர, வண்டி பூரணம் பெற்றது.

1980-இல் இதே வரிசையில் 'சி.டி. 110' என்ற வண்டி வந்தது. ஆஸ்திரேலியாவில் தபால்காரர்கள் பல பத்தாண்டுகள் அதன்மீதே வீடுதோறும் கடிதம் சுமந்து சென்றனர். அந்நாட்டுப் பண்ணைகளிலும் அது உழைத்தது. அமெரிக்காவிலோ 1986-உடன் விற்பனை நின்றுபோயிற்று.

2020-இல் 'சி.டி. 125' என்ற பெயரில் ஜப்பானில் அது மறுபிறப்பு எடுத்தது. உயர்ந்த புகைக்குழாயும் அகன்ற கேரியரும் அதில் உண்டு. துணைக் கியர்ப்பெட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள். சுமையோடு செங்குத்தில் ஏறுபவனுக்கு இன்றியமையாத அங்கம் அதுவே. அதை நீக்கியது தவறு.