பொம்மைக்கு இதயம் துடிக்குமா?

உங்களுக்கு நன்கு பரிச்சயமான காட்சிதான். குழந்தை டாக்டரின் கிளினிக். டோக்கன் நம்பர் 17. அதுவரை அம்மா தோளில் சமர்த்தாகச் சாய்ந்திருந்த இரண்டரை வயசுப் பிள்ளை, டாக்டரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்த கணத்தில் வீல் என்று அலறுகிறது. ஊசி கிடையாது. கசப்பு மருந்து கிடையாது. சும்மா நெஞ்சில் வைத்துக் கேட்கப் போகிறார், அவ்வளவுதான். ஆனாலும் தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கூப்பாடு.

இப்போது அதே டாக்டரின் வீட்டுக்குள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அவருடைய மகள் அதே ஸ்டெதஸ்கோப்பை மாலையாக மாட்டிக்கொண்டு சோபாவில் குதித்துக்கொண்டிருப்பாள். பாட்டியின் முழங்காலில் வைத்துப் பார்த்து, ஜுரம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவாள்.

கருவி ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு எமன், இன்னொரு பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான். ஏன் இப்படி?

இதற்குப் பதில் தேடிப் போனால் 200 வருஷத்துச் சரித்திரம் ஒன்று இருக்கிறது. அது தொடங்குவதே, பாருங்கள், ஒரு விளையாட்டில்தான்.

1816. பாரீஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனை. டாக்டர் ரெனே லென்னக்கிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வருகிறாள். அந்தக் காலத்தில் நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்கவேண்டும். லென்னக் கூச்ச சுபாவி. வந்தவளோ வயசுப் பெண், கொஞ்சம் பருமன் வேறு. என்ன செய்வது?

அவருக்கு ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. நீளமான மரக்கட்டையின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டால், மறு முனையில் குண்டூசியால் கீறினால்கூடத் தெளிவாகக் கேட்கும். பிள்ளைகள் இப்படி விளையாடுவதை அவர் பார்த்ததாக ஒரு கதை பின்னாளில் பரவியது. அவர் தம் புத்தகத்தில் எழுதியது கட்டை, குண்டூசி விவரம் மட்டுமே. எதுவானால் என்ன? ஒரு கத்தைக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டினார். ஒரு முனை அவள் மார்பில், மறு முனை தன் காதில். காதை நேரடியாக வைத்தபோது கேட்டதைவிடத் துல்லியமாகக் கேட்டது இதயம்.

பிறகு மரத்தில் குழல் செய்துகொண்டார். 1819-ல் புத்தகம் போட்டார். 1826-ல், 45 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. அவருடைய ஸ்டெதஸ்கோப் உறவினர் மெரியாதெக்குக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் டாக்டர்தான்.

ஒரு கொசுறுத் தகவல். நெக்கருக்குப் பக்கத்திலேயே 1802-லிருந்து குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை ஒன்று இருந்தது. பின்னால் இரண்டும் ஒன்றாக இணைந்துவிட்டன. இன்றைக்கு நெக்கர் என்றால் பாரீஸில் குழந்தைகள் ஞாபகம்தான் வரும்.

சரி, அழுகைக்கு வருவோம். பயம் குழந்தையோடு பிறக்கிறதா, இல்லை நாம் ஊட்டுகிறோமா?

1920-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சன் ஒரு சோதனை செய்தார். இன்றைக்குச் செய்தால் ஜெயில்தான். ஆல்பர்ட் என்று பெயர் வைக்கப்பட்ட 11 மாதக் குழந்தை. வெள்ளை எலியைக் கண்டு அதற்குப் பயமே கிடையாது. அது எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். குழந்தை நடுங்கியது. சில தடவைகள்தான். அதற்குப் பிறகு சத்தமே தேவைப்படவில்லை. எலியைப் பார்த்தாலே அழுகை. எலி மட்டுமா? முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் படர்ந்துகொண்டே போனது. அதைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் கொடுமை.

நம் வீட்டில் யாரும் இரும்புக் கம்பி அடிப்பதில்லை. ஆனால், 'சாப்பிடலைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்' என்று சொல்கிறோமே, அது என்ன? பருப்பு சாதத்தோடு பயத்தையும் சேர்த்துப் பிசைந்து ஊட்டுகிறோம். பிறகு கிளினிக்கில் வந்து, 'ஏன்தான் இப்படி அழறானோ தெரியலை டாக்டர்' என்கிறோம்.

கட்டிய முடிச்சை அவிழ்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒரு பெண். மேரி கவர் ஜோன்ஸ். 1924-ல் அவர் எழுதிய கட்டுரையின் நாயகன் பீட்டர், மூன்று வயசுகூட நிரம்பாத பொடியன். முயலைக் கண்டால் அவனுக்கு நடுக்கம். ஜோன்ஸ் அவனை அதட்டவில்லை, கேலி செய்யவில்லை. அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலை எட்டத்தில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத மற்றப் பிள்ளைகளையும் பக்கத்தில் விளையாட விட்டார். கடைசியில் பீட்டர் தன் விரலை முயல் கொறிக்க விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மகளின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. அவளுடைய ஸ்டெதஸ்கோப் அப்பாவின் வாசனையோடு வருகிறது. பீட்டருக்குத் தின்பண்டம், அவளுக்கு அப்பா. பிடித்த ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வருகிற பொருளிடம் பயம் வேலைக்கு ஆவதில்லை.

ஆனால் மருத்துவமனைகள் நெடுங்காலம் செய்தது என்ன தெரியுமா? அந்தப் பிடித்த ஒன்றைத்தான் முதலில் வெளியே அனுப்பின. 1950-களின் இங்கிலாந்தில் வார்டில் சேர்த்த குழந்தையைப் பெற்றவர்கள் பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு. பல இடங்களில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். அம்மா வந்தால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது. ஆகவே அம்மா வரவேண்டாம். அடடா, என்ன ஒரு தர்க்கம்!

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் அந்த அமைதியைப் படம் பிடித்தார். 1952. இரண்டு வயது லாரா, ஒரு சின்ன ஆபரேஷன், எட்டு நாள் வாசம். கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு, அழுகையை அடக்கி அடக்கி, அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் குழந்தை. அது அமைதி இல்லை, நம்பிக்கை இழந்துபோய் ஒடுங்கியது என்றார் ராபர்ட்சன். படத்தைப் பார்த்த டாக்டர்கள் பலர் கொதித்தார்கள். எங்களை அவமானப்படுத்துகிறாயா என்று சண்டைக்கு வந்தார்கள். ஆனால் 1959-ல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் வந்துபோகத் தடை கூடாது, சின்னக் குழந்தைகளோடு அம்மா தங்க வசதி வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொன்னது. கதவு மெள்ளத் திறந்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை இன்னொரு கதவைத் திறந்தார். வியன்னாவிலிருந்து வந்தவர். 1955-லிருந்து மருத்துவமனைக் குழந்தைகளுக்காக அவர் நடத்திய திட்டத்தில் விளையாட்டும் வைத்தியத்தின் ஒரு பகுதி. பொம்மைக்குக் கட்டுப் போடட்டும், பொம்மைக்கு ஊசி போடட்டும். தனக்கு நடக்கப்போவதைத் தன் கையால் செய்து பார்த்த குழந்தைக்கு அது புதிர் இல்லை.

இதை ஓவியர் நார்மன் ராக்வெல் 1929-லேயே வரைந்துவிட்டார். ஒரு பத்திரிகையின் அட்டைப் படம் அது. சிறுமி தன் பொம்மையை நீட்டுகிறாள். வயசான டாக்டர் அதன் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, படு சீரியஸாகக் கேட்கிறார். பொம்மைக்கு இதயம் துடிக்குமா என்பதா பிரச்னை? அடுத்து அது தன் நெஞ்சுக்கு வரும்போது அந்தச் சிறுமி அலறமாட்டாள். அதுதான் சங்கதி.

நீங்கள் டாக்டராக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. இன்றைக்குப் பாதி வீட்டில் பி.பி. மெஷின் இருக்கிறது. அப்பா கையில் பட்டையைச் சுற்றிக்கொள்ளும்போது, 'தொடாதே, போ அந்தப் பக்கம்' என்று விரட்டாதீர்கள். பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். புஸ்ஸென்று உப்பும்போது சிரிக்க விடுங்கள். சுகர் பார்க்கிற ஊசி மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விரலில் குத்திக்கொள்ளும்போது வலிக்குமா என்று கேட்டால், 'எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்சம் வலிக்கும், உடனே போயிடும்' என்று உண்மையைச் சொல்லுங்கள். வலிக்கவே வலிக்காது என்று புளுகினால், அடுத்த முறை உங்களையும் நம்பாது.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு சின்ன உபகாரம் கேளுங்கள். முதலில் அம்மா நெஞ்சில் வைத்துப் பாருங்கள், பிறகு குழந்தையின் காதில் மாட்டி அந்த லப்-டப்பைக் கேட்க விடுங்கள் என்று. நல்ல டாக்டர் என்றால், நீங்கள் கேட்பதற்கு முன்பே செய்திருப்பார்.