திருமணக் கேக் மேற்பொம்மை

திருமணக் கேக் மேற்பொம்மை என்பது திருமண விழாவில் வெட்டப்படும் கேக்கின் உச்சியில் வைக்கப்படும் சிறு அலங்கார உருவம் ஆகும். மணமக்கள், புறாக்கள், மணிகள், பெயரின் முதலெழுத்துகள் ஆகியன இதன் பரவலான வடிவங்கள். கேக் வெட்டுதல் ஐரோப்பிய வழக்கம் ஆகும். தமிழகத்தில் இது கிறித்தவத் திருமணங்களிலும் பிற சமயத்தவரின் வரவேற்பு நிகழ்ச்சிகளிலும் காணப்படுகிறது. மேற்பொம்மையை மலிவான பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ள இயலும்.

வரலாறு

1840 பிப்ரவரி 10 அன்று நடைபெற்ற விக்டோரியா அரசியின் திருமணத்தில் வைக்கப்பட்ட கேக் ஏறத்தாழ 300 பவுண்டு (136 கிலோகிராம்) எடை கொண்டது. அதன் உச்சியில் மணமக்களை வாழ்த்தும் பிரித்தானியா தேவியின் உருவம் இருந்தது. மணமக்கள் பண்டைய உரோமானிய உடையில் காட்டப்பட்டிருந்தனர். மணமகனின் காலடியில் ஒரு நாயும் இடம்பெற்றது. அமெரிக்காவில் 1920களில் மணமக்கள் பொம்மைகள் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் இடம்பெறும் அளவுக்குப் பரவின. சர்க்கரைப் பசை, சுண்ணச்சாந்து, பீங்கான் ஆகியவற்றால் செய்யப்பட்டு வந்த இவை 1950களில் நெகிழிக்கு மாறின.

பொருட்கள்

எப்பொருளால் செய்வது என்பதை விலையை விட ஊரின் ஈரப்பதமே முடிவு செய்கிறது எனலாம். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரில், சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள வால்பாறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கு காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஐசிங் சர்க்கரையும் பிசினும் சேர்த்துப் பிசைந்து செய்யும் உருவங்கள் அந்த ஈரத்தை உறிஞ்சி இளகிச் சாய்ந்துவிடும். மைதாவும் உப்பும் கலந்த மாவுப் பொம்மை மிக மலிவானது. ஆனால் உப்பும் ஈரத்தை ஈர்ப்பதால் மழைக்காலத்திற்கு அதுவும் ஏற்றதன்று.

இவற்றை விட உறுதியானது கார்ன்பிளவர் மாவில் செய்யப்படும் களிமம் ஆகும். ஒரு குவளை மாவு, ஒரு குவளை வெள்ளைப் பசை (ஃபெவிகால் போன்றது), ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சிறு தீயில் உருண்டு திரளும்வரை கிளற வேண்டும். ஆறியபின் பிசைந்து உருவம் செய்து, குறைந்தது மூன்று நாட்கள் உலரவிட வேண்டும். உலரும்போது உருவம் சற்றுச் சுருங்கும். இது உண்ணத்தக்கதன்று, கிளறிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது.

எடை குறைந்த மற்றொரு பொருள் நெட்டி. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டிலுள்ள வெண்ணிறச் சோற்றுப் பகுதியைச் சீவி இதனைப் பெறுவர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டிற்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வங்காளத்தில் மணமகன் அணியும் 'டோபர்' என்னும் தலையணியும் இதே பொருளால் ஆனது. ஆகவே திருமணத்திற்கு நெட்டி புதியதன்று.

நச்சுத்தன்மை

செலவைக் குறைக்க வீட்டுத் தோட்டத்துப் பூக்களைக் கேக்கில் செருகுவோர் உண்டு. மாலைகளில் தாராளமாகப் பயன்படும் அரளியின் எல்லாப் பகுதிகளும் கடும் நச்சு கொண்டவை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் அத்தகையதே. கோயிலுக்கு உகந்த பூ என்பதால் உணவுக்கும் உகந்ததாகிவிடாது.

கைவினைக் கடைகளில் கிடைக்கும் பளபளப்புத் தூளும் ஆபத்தானது. உறையில் 'நச்சற்றது' என்று எழுதப்பட்டிருப்பின் அது உண்ணத்தக்கது என்று பொருளாகாது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இத்தகைய தூள் பூசிய பிறந்தநாள் கேக்கை உண்ட ஆறு குழந்தைகள் நோயுற்றனர். அத்தூளில் செம்பு மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது.

பொருத்துதல்

உருவத்தின் அடிப்பகுதி கேக்கைத் தொடாதவாறு உணவுத் தர நெகிழித் தாள் ஒட்டிய அட்டை வட்டத்தின்மேல் அதனை நிறுத்துவர். பூக்கம்பிகளை நேரடியாகக் கேக்கில் குத்தாமல், உறிஞ்சுகுழலுக்குள் செலுத்திச் செருக வேண்டும். இந்திய அடுமனைகளில் மிகுதியாகப் பயன்படும் அடித்த கிரீம் மென்மையானது, எடை தாங்காது. எனவே கனமான பொம்மைக்கு, கேக்கின் அடிவரை செல்லும் மூன்று அல்லது நான்கு தடித்த உறிஞ்சுகுழல்களை அட்டையின் கீழ் முட்டாகக் கொடுப்பது வழக்கம்.

மலைப்பாதையில் கொண்டுசெல்லும்போது பொம்மையைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். பொள்ளாச்சியில் வாங்கிய கேக் வால்பாறையை அடையுமுன் ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். மண்டபத்தில் கேக்கை மேசைமீது வைத்த பின்னரே பொம்மையைப் பொருத்துதல் நன்று.