காதும் காதும் வைத்தாற்போல்

1963 அக்டோபர் 18. லண்டன் பியூமான்ட் தெரு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து நிர்வாகக் குழு கூடும் அறையில் விட்டார்கள். படுத்திருந்தவர் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன். புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலைதான் அவருடைய ராஜினாமா கடிதம் அரண்மனைக்குப் போயிருந்தது. பதவி விலகும் பிரதமர் அரண்மனைக்குப் போய் விடைபெறுவது மரபு. இவரால் எழுந்திருக்க முடியாது என்பதால் எலிசபெத் ராணியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அடுத்து ஆட்சி அமைக்க யாரை அழைக்கலாம் என்று எழுதிவைத்திருந்த குறிப்பை மேக்மில்லன் படுத்தபடியே வாசித்தார். அன்றைக்கே லார்ட் ஹோமுக்கு அழைப்பு போனது.

கன்சர்வேடிவ் கட்சியில் அப்போது தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு கிடையாது. அது 1965இல்தான் வந்தது. அதனால் அந்த வாரம் மந்திரிகள் ஒவ்வொருவராக இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் மனதில் இருப்பவர் யாரென்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு நாட்டின் பிரதமர் யார் என்பது பழத்தட்டுக்கும் மருந்துப் புட்டிக்கும் நடுவில் முடிவானது. மேக்மில்லனுக்கு வந்திருந்தது புற்றுநோய் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு 23 வருடம் இருந்து, 92ஆம் வயதில்தான் காலமானார்.

ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆஸ்பத்திரி என்பது இந்த இடத்தின் பெயர். பழைய ஆட்கள் ‘சிஸ்டர் ஆக்னஸ்’ என்பார்கள். மன்னர் பெயரைவிட இந்தப் பெயரில்தான் கதை இருக்கிறது.

ஆக்னஸ் கீஸர் 1852இல் பிறந்தவர். பணக்காரக் குடும்பம், தந்தை பங்குச்சந்தைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி ஃபேனியோடு கிராவெனர் கிரெசன்ட் 17ஆம் எண் வீட்டில் இருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, 1898 வாக்கில், வேல்ஸ் இளவரசர் எட்வர்டோடு பழக்கம் ஏற்பட்டது. அவருக்கு மனைவி உண்டு. வேறு சிநேகிதிகளும் உண்டு, அதுவும் பிரசித்தமாகவே. இந்த வீட்டில் அவருக்குக் கிடைத்தது வேறு மாதிரி உபசரிப்பு. பன்னிரண்டு வகைப் பதார்த்தத்தோடு விருந்து சாப்பிட்டுப் பெருத்த மனிதருக்கு ஆக்னஸ் போட்டது ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட ஐரிஷ் ஸ்ட்யூ, பிறகு ரைஸ் புட்டிங். குழந்தைக்குக் கொடுக்கிற சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இளவரசர் வருவதும் போவதும் லண்டன் மேல்தட்டுக்கு ஊரறிந்த ரகசியம். பத்திரிகையில் ஒரு வரி வராது.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. குண்டடி பட்டும் காய்ச்சலில் விழுந்தும் அதிகாரிகள் கப்பலில் திரும்பத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டையே ஆஸ்பத்திரியாக்குங்கள் என்று சொன்னது இளவரசர்தான். சகோதரிகள் அப்படியே செய்தார்கள். படிப்பும் பயிற்சியும் பெற்ற நர்ஸ் அல்ல ஆக்னஸ். ஆனாலும் தலைமைப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, ‘சிஸ்டர்’ ஆகி, 1941இல் இறக்கும்வரை அதை விடவில்லை. நம்மூர் வார்டில் நாம் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவதும் இதே பிரிட்டிஷ் வழக்கத்தின் மிச்சம்தான்.

வசதியானவர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி என்பதே அப்போது கொஞ்சம் விசித்திரமான சங்கதி. தருமத்தில் நடந்த பெரிய ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்கானவை. காசு உள்ளவன் வீட்டுக்கு டாக்டர் வருவார். அறுவை சிகிச்சை என்றால்கூட வீட்டு மேஜைமேல்தான். எட்வர்ட் மன்னராகி முடிசூட இரண்டே நாள் இருக்கையில், 1902 ஜூன் 24 அன்று, குடல்வால் சீழ்கட்டி உயிருக்கு ஆபத்தானது. அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் கத்தி வைத்த இடம் பக்கிங்ஹாம் அரண்மனை அறை ஒன்று. முடிசூட்டு விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. ஊரிலேயே பேர்பெற்ற ஆஸ்பத்திரியை ஆரம்பித்துவைத்த மனிதர், தனக்கு வந்தபோது அங்கே போகவில்லை. 1904இல் அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவருடைய பேரன் ஆறாம் ஜார்ஜுக்கு 1951 செப்டம்பரில் ஒரு நுரையீரலை எடுத்தபோதும் அரண்மனையில்தான் தியேட்டர் அமைத்தார்கள். அதற்குப் பிறகுதான், எக்ஸ்ரேயையும் மயக்க மருந்துக் கருவிகளையும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை என்று அரச குடும்பமே ஆஸ்பத்திரிப் படியேறியது.

எட்வர்ட் 1910இல் போய்ச் சேர்ந்தார். சிநேகிதிகள் அத்தோடு அரண்மனைக்கு வேண்டாதவர்களாவதுதான் உலக வழக்கம். ஆக்னஸ் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. மகன் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு அரண்மனைத் தோட்டத்துக் கதவின் சாவியையே கொடுத்துவைத்தார். எனக்கு இந்த ஆஸ்பத்திரியின் கதையில் மிகவும் பிடித்த பொருள் இந்தச் சாவிதான். வாய் திறக்காத பெண்மணி என்பதற்கு இதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்? ரகசியம் காப்பது இங்கே விதிமுறையாக எழுதிவைத்து வந்ததல்ல. அந்த வீட்டுக்காரியின் சுபாவம், வீட்டோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது.

1948இல் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி மேரி ராணி இப்போதைய கட்டடத்தைத் திறந்துவைத்தார். அதே வருடம் ஜூலையில்தான் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. நாட்டின் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அரசின் கைக்குப் போயின. இது அறக்கட்டளையாகவே தனியே நின்றது. 2002இல் இளவரசி மார்கரெட் காலமானது இங்கேதான். வெளியே வரும் அறிக்கை இரண்டு வரிக்கு மேல் நீளாது.

அந்த மௌனம் ஒரே ஒரு முறை உடைந்தது. உடைத்தது டெலிபோன். 2012 டிசம்பரில் கர்ப்பிணியான இளவரசி கேட், ஓயாத வாந்தியோடு இங்கே சேர்ந்திருந்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு கால். சிட்னி வானொலிக்காரர்கள் இருவர், ராணியாகவும் சார்லஸாகவும் குரலை மாற்றிப் பேசினார்கள். அந்த நேரத்துக்கு வரவேற்பு மேஜையில் ஆளில்லை. எடுத்த நர்ஸ் வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். வார்டு நர்ஸ் நோயாளியின் நிலையைச் சொன்னார். அது ஒலிபரப்பாகி உலகம் முழுக்கப் பரவியது. மூன்று நாள் கழித்து, முதலில் போனை எடுத்த நர்ஸ் இறந்துகிடந்தார்.

அவர்மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகைக்காரன் கேட்டால் வாயை மூடிக்கொள்ள அந்த இடத்துக்கு நூறு வருடப் பழக்கம் இருந்தது. அரண்மனையிலிருந்து வருகிற குரலைச் சந்தேகிக்கத்தான் பழக்கமில்லை. தோட்டத்துச் சாவி புழங்கிய இடத்தில் ராணி தாமே கூப்பிடுவது நம்ப முடியாத விஷயம் அல்லவே.

2021 பிப்ரவரியில் தொண்ணூற்றொன்பது வயது பிலிப் இளவரசர் இங்கே சேர்ந்தார். இரண்டு வாரம் ஆகும்போது இதயத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியாக வேண்டும். மார்ச் 1 அன்று ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. எதிரே காமிராக்கள். குடைகளை விரித்துப் பிடித்துச் சுவர்போல மறைத்து, அவரை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போன இடம் செயின்ட் பார்த்தலோமியூ. லண்டன் ஏழைகளுக்காக 1123இல் தொடங்கிய தரும ஆஸ்பத்திரி. இன்று அரசு ஆஸ்பத்திரி.