ஐஸ் ஹவுஸ் (விவேகானந்தர் இல்லம்)

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே, திருவல்லிக்கேணியில் காமராசர் சாலையில் உள்ள 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 'ஐஸ் மன்னர்' எனப்பட்ட பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் இதைக் கட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டிகள் மரத்தூளில் பொதியப்பட்டு, மாதக்கணக்கில் கப்பலில் பயணித்து இங்கு வந்து சேர்ந்தன. வெயில் மிகுந்த ஊரில் அவற்றை உருகாமல் காப்பதே கட்டடத்தின் வேலை. தடித்த சுவர்களுக்கும் வட்ட வடிவுக்கும் அதுவே காரணம். உள்ளூரிலேயே பனிக்கட்டி தயாரிக்கும் முறை வந்ததும் இறக்குமதி வணிகம் நொடித்தது.

வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, சன்னல்களும் வளைந்த தாழ்வாரங்களும் சேர்த்துக் குடியிருக்கத்தக்க வீடாக்கினார். நீதிபதி கெர்னன் நினைவாக 'கெர்னன் கோட்டை' என்று பெயரிட்டார். இன்று நாம் காணும் அழகிய முகப்பு பெரிதும் இந்த மாற்றத்தின் பயனே. மேலைநாட்டுப் பயணத்திலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் இங்குத் தங்கினார். அதே ஆண்டு சுவாமி ராமகிருஷ்ணானந்தர் இங்கு ராமகிருஷ்ண மடத்தின் பணியைத் தொடங்கினார். ஐயங்கார் மறைவுக்குப் பின் 1906இல் வீடு ஏலம் போகவே, மடம் மயிலாப்பூருக்குப் பெயர்ந்தது.

1917இல் அரசு இதை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்த இல்லம் இங்கு இயங்கியது. கட்டடத்தின் வரலாற்றில் மிகப் பெருமைக்குரிய கட்டம் இதுவே எனலாம். ஆனாலும் அதிகம் பேசப்படுவதில்லை. விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963இல் இப்போதைய பெயர் சூட்டப்பட்டது. 1997இல் மடத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, தற்போது நிலையான கண்காட்சியாக உள்ளது. இந்தக் கட்டடம் இன்றும் நிற்க, கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த டியூடரின் பனிக்கட்டிக் கிடங்குகள் இடிக்கப்பட்டுவிட்டன.