வானலையிற் பொதுவழி

ஓர் அவையிலே பலர் ஒருங்கே பேசினால் எவர் சொல்லும் எவர் செவிக்கும் எட்டாது. வானலைக்கும் இதுவே விதி. ஒரே அலைவரிசையில் இரு கருவிகள் ஒரே கணத்திற் செய்தி அனுப்பினால் இரண்டுஞ் சிதைந்துபோகும்.

இச்சிக்கலுக்கு 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுவழி பிறந்தது. தீவுகளில் ஆங்காங்கேயுள்ள முனையங்களை நடுநிலையக் கணினியோடு வானொலி அலையால் இணைக்க முற்பட்டார் நோர்மன் ஏப்ரம்சன். முறைவைத்து அழைக்குந் தலைமை அங்கு இல்லை. செய்தியுள்ள முனையம் உடனே அனுப்பும். நடுநிலையம் 'கிடைத்தது' என மறுமொழி தராவிடின், மோதல் நேர்ந்ததெனக் கொண்டு சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். இரண்டும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதுமன்றோ? ஆதலின் காத்திருக்கும் நேரத்தைத் தற்செயலுக்கே விட்டனர். அம்முறைக்கு 'அலோஹா' என்பது பெயர்.

இச்சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடே பயன்படும். அதற்குமேல் நெருக்கினால் மோதல் பெருகிப் பயன் குறையும். காலத்தைச் சமகூறுகளாக வகுத்து, ஒவ்வொரு கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பவேண்டும் என லோரன்ஸ் ரொபர்ட்ஸ் 1972இற் கூறிய திருத்தம் அவ்வெல்லையை இருமடங்காக்கிற்று.

இன்று நீர்மானிகளும் வயலின் ஈரத்தை அளக்குங் கருவிகளும் ஆயிரக்கணக்கில் ஒரே அலையைப் பகிர்கின்றன. அவற்றுக்கென அமைந்த 'லோரா' வலையமைப்பும் அலோஹா முறையையே தழுவியது. ஒவ்வொரு கருவியும் அரிதாகவும் சுருக்கமாகவும் பேசுவதாலேயே அத்தனைக்கும் வழி கிடைக்கின்றது. அடிக்கடி பேச முற்பட்டால், ஹவாயிற் கண்ட அதே எல்லை குறுக்கே நிற்கும்.