வாங்காத கடனும் ஒஹாயோ கடைக்காரரும்

வீட்டுக்கடனுக்கு மனு போட்டபோதுதான் தெரிந்தது, என் பெயரில் ஒரு பைக் லோன் பாக்கி நிற்கிறது என்று. 38,400 ரூபாய். எனக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. கடன் கொடுத்ததாகச் சொல்லும் வங்கிக்குப் போனேன். “கட்டிட்டு என்ஓசி வாங்கிடுங்க சார், அலைச்சல் மிச்சம்” என்றார்கள். வாங்காத கடனைக் கட்டினால் வாங்கியதாக ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். முடியாதுன்னு சொல்லிட்டு, புகார் பதிவு செய்தேன். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. நம்மைப் பற்றி நமக்கே தெரியாமல் எழுதிவைக்கும் இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடல் 1841ல், நியூயார்க்கில் போய் நின்றது. லூயிஸ் டப்பான் என்பவர் அடிமைமுறையை எதிர்த்துப் போராடியவர். அண்ணனோடு சேர்ந்து பட்டு வியாபாரம் செய்தவர். 1837 பொருளாதார நெருக்கடியில் அந்த வியாபாரம் நொடித்தது. கடனுக்குச் சரக்கு கேட்பவன் எப்படிப்பட்டவன் என்று முன்னாடியே தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வியில்தான் அவருடைய மெர்க்கன்டைல் ஏஜென்சி பிறந்தது. ஊர் ஊராக ஆள் வைத்தார். பலர் உள்ளூர் வக்கீல்கள். அவர்கள் அனுப்பியதெல்லாம் பெரிய பேரேடுகளில் ஏறியது. சந்தா கட்டியவர்கள் வந்தால் குமாஸ்தா வாசித்துக் காட்டுவார். யாரைப் பற்றி எழுதியதோ அவருக்கு மட்டும் தெரியாது.

ஒஹாயோ மாநிலம் நார்வாக்கில் கடை வைத்திருந்த ஜான் பியர்ட்ஸ்லிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் மனைவி விவாகரத்து கேட்கப் போகிறார், கடை ஆட்டம் காணும் என்ற தொனியில் பேரேட்டில் குறிப்பு இருந்தது. வழக்குப் போட்டார். தகவல் கொடுத்த உள்ளூர்க்காரர் யார் என்று கோர்ட் கேட்டபோது, டப்பானுக்குப் பின் ஏஜென்சியை நடத்திய பெஞ்சமின் டக்ளஸ் பெயரைச் சொல்ல மறுத்து 1851ல் 20 நாள் சிறையில் இருந்தார். கீழ்க்கோர்ட்டில் பியர்ட்ஸ்லி ஜெயித்தார். ஆனால் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1870ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

அதற்குச் சரியாக 100 வருஷம் கழித்து, 1970ல்தான் அமெரிக்காவில் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம், தவறென்றால் மறுக்கலாம், மறுத்தால் மறுபடி விசாரிக்க வேண்டும். விசாரித்தும் தீராவிட்டால், நம் தரப்பு விளக்கத்தைச் சுருக்கமாக அந்த ஃபைலிலேயே சேர்க்கச் சொல்லலாம்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 2005ல் வந்தது. புகாரை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகவும் வாங்கிப் பார்க்கலாம்.

என் புகாருக்கு 26ஆம் நாள் பதில் வந்தது. என் பெயரும் பிறந்த தேதியும் கொண்ட இன்னொருவரின் கடனாம் அது. பதிவை நீக்கிவிட்டார்கள். மன்னிப்பு எதுவும் இல்லை. புதிய அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். பிறகு பியர்ட்ஸ்லியின் ஞாபகம் வந்தது. 20 வருஷம் கோர்ட்டில் நின்றும் அவருக்குக் கிடைக்காதது, எனக்கு ஒரு மாதத்துக்குள் கிடைத்துவிட்டது.

நீங்களும் இந்த வருஷ அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள். லோன் கேட்கும்வரை காத்திருக்காதீங்க.