கருவி விவரிப்பு (செயற்கை நுண்ணறிவு)

கருவி விவரிப்பு என்பது, பெரு மொழி மாதிரியை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் மென்பொருள் முகவர் பயன்படுத்தும் ஒரு கருவியின் பணி, உள்ளீடுகள், வெளியீடு, விளைவுகள் ஆகியவற்றை இயல்பான மொழியில் எடுத்துரைக்கும் குறிப்பு ஆகும். முகவர் பொதுவாகக் கருவியின் மூல நிரலைக் காண்பதில்லை. கருவியின் பெயர், இக்குறிப்பு, உள்ளீடுகளின் வரையறை ஆகியவற்றைப் படித்தே எக்கருவியை எம்மதிப்புகளுடன் அழைப்பது என முடிவு செய்கிறது. குறித்த நேரத்தில் தாமாக உருவாகும் அறிக்கைகளில் இதன் முக்கியத்துவம் மிகுதி. ஏனெனில் அங்கு ஒரு பிழை நாள்தோறும் மீள நிகழும்.

வரலாறு

பணிகளை நேர அட்டவணைப்படி இயக்கும் கிரான் என்னும் நிரல் 1979 இல் வெளியான யுனிக்சு ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 சூன் மாதத்தில் தனது மாதிரிகளுக்குச் செயற்கூறுகளை அழைக்கும் வசதியை அளித்தது. ஆந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாதிரிச் சூழல் நெறிமுறையை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விவரிப்பு, உள்ளீட்டு வரையறை ஆகியன உள்ளன.

எடுத்துக்காட்டு: தாம்பரம் மழை அறிக்கை

"மழை விவரத்தைத் தரும்" என்று மட்டும் விவரிக்கப்பட்ட கருவியை முகவர் ஒன்று பயன்படுத்துவதாகக் கொள்வோம். அவ்விவரிப்பு பின்வருவனவற்றைத் தெளிவாக்கவில்லை.

* நாள்: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒருநாள் மழையளவு, காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரத்திற்குரியது. 2015 திசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழை, திசம்பர் 2 ஆம் நாளின் பதிவாகும். முகவர் திசம்பர் 1 எனக் கேட்டால், வெள்ளத்திற்கு முந்தைய 24 மணி நேரத்தின் அளவே கிடைக்கும்.
* நேரம்: வழங்கி ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் இயங்கினால், "0 6 * * *" என்னும் கிரான் கோவை இந்திய நேரம் முற்பகல் 11.30 மணிக்கே அறிக்கையை அனுப்பும். இந்திய நேரப்படி 6 மணிக்கே அமைத்தாலும், அன்றைய 8.30 மணி அளவீடு அதில் இராது.
* அலகு: செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 24 அடி எனவும், கடல் மட்டத்திலிருந்து 85.40 அடி எனவும் குறிக்கப்படுகிறது. "22 அடியைத் தாண்டினால் அறிவி" என்னும் பணிக்குக் கடல் மட்ட அளவு தரப்பட்டால், ஏரி வற்றியிருந்தாலும் எச்சரிக்கை வரும். எந்நாளும் வரும் எச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தார்.
* இடம்: செங்கல்பட்டு மாவட்டம் 2019 இல் உருவானது. 2015 பதிவுகளில் தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது.
* வெறுமை: மழை பெய்யாததும் அளவீடு கிடைக்காததும் வெவ்வேறு. இரண்டையும் 0 எனத் தரும் கருவி, மழைமானி பழுதான நாளை வறண்ட நாளாகக் காட்டும்.

தெளிவான விவரிப்பு

மேற்கண்ட கருவியின் விவரிப்பைப் பின்வருமாறு அமைக்கலாம்:

"ஒரு நிலையத்தின் மழையளவை மில்லிமீட்டரில் தரும். நாள் என்பது இந்திய நேரம் காலை 8.30 மணிக்கு 24 மணி நேர அளவீடு முடியும் நாள். அளவீடு இல்லையெனில் 'பதிவில்லை' எனத் தரும். 0 எனத் தராது. எதிர்கால மழையைக் கணிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது."

பயன்படுத்தக் கூடாத இடத்தைக் கூறும் இறுதி வரி, ஒத்த பணியுடைய பல கருவிகள் உள்ளபோது பெரிதும் உதவுகிறது. அட்டவணையை மாற்றும் கருவிகளுக்கு விளைவுகளையும் கூறுதல் வேண்டும். "நிறுத்து" என்பது தற்காலிக இடைநிறுத்தமா, நிலையான நீக்கமா என்பதும், இருமுறை அழைத்தால் இரு அட்டவணைகள் உருவாகுமா என்பதும் விவரிப்பில் இடம்பெற வேண்டியவை.

வரம்புகள்

விவரிப்பு பாதுகாப்புப் பூட்டு அன்று. அறிக்கையை நீக்கும் உரிமை, பெறுநர் பட்டியல் போன்றவற்றை நிரலே சரிபார்த்தல் வேண்டும். மிக நீண்ட விவரிப்புகள் மாதிரியின் சூழல் இடத்தை நிரப்புவதால், தேர்வை மாற்றக்கூடிய தகவல்களை மட்டும் எழுதுவது வழக்கம். ஒரே வேண்டுகோளைப் பல சொற்றொடர்களில் கொடுத்து, முகவர் சரியான கருவியையும் மதிப்புகளையும் தெரிவு செய்கிறதா எனச் சோதித்து விவரிப்பு திருத்தப்படுகிறது.